இடது பக்கத்துப் பின்கதவு

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது என் எதிரில் பேச ஆரம்பித்தால், முதலில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன், அப்புறம் ரத்தசோகைக்கு மருந்து எழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான் எனக்கு இந்த விஷயத்தில் உள்ள நம்பிக்கை. நான் டாக்டர். படிக்கிற காலத்தில் பிண அறையில் மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, சீக்கிரம் முடித்தால் சாப்பிடப் போகலாமே என்று அவர்களை அவசரப்படுத்தியவள். இந்த வயதிலும் வீட்டில் தனியாகத்தான் படுக்கிறேன், விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நீங்கள் பாதியில் சிரிக்கப் போகிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நடந்தது நடந்ததுதான், நீங்கள் சிரிப்பதால் அது நடக்காமல் போய்விடாது.

அப்பா செங்கல்பட்டில் வக்கீல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சீமைக் கார் வாங்கினார். கறுப்பு நிறம், நீளமான முன்பக்கம், இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் பலகை, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துகிற மாதிரி கனமான ஒரு சத்தம். அவருக்குக் கண் மங்கியதும் சாவியை அண்ணனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். அண்ணனுக்கு அதில் இன்றுவரை வருத்தம், இருக்கட்டும். நான் ஐம்பதுகளில் மாமல்லபுரத்தில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். கார் கடலைப் பார்த்து நிற்கும். உப்புக் காற்று சும்மா இருக்குமா? முதலில் கதவோரத்தில் சிவப்பாகக் கொப்புளம் கட்டியது, பெயின்ட் அடித்தேன், அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மட்கார்டை விரலால் அழுத்தினால் அப்பளம் உடைகிற மாதிரி உடைந்தது. ஒருநாள் பின்னால் வைத்த மருந்துப் பையைக் காணோம், யார் எடுத்தார்கள் என்று எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தால் பை ரோட்டில் கிடக்கிறது. பின்பக்கத் தரையே போய்விட்டிருந்தது. அதற்கு மேல் அந்தச் சீட்டில் யாரையும் உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

சரி, ஓட்டை வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேறு வண்டி பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்திருப்பேன், வள்ளி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். வள்ளி அந்த ஊர்ப் பெண், புருஷன் ஏழுமலை கட்டுமரத்தில் போகிறவன். அவளுக்கு இடுப்பெலும்பு குறுகல், பிள்ளை தானாக வெளியே வர வழி கிடையாது. ஆனால் வலி கண்டு நேரம் கடந்து, எல்லா வைத்தியமும் பார்த்து முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டு முறையும் நான்தான் அவளைக் காரில் என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன், இரண்டு முறையும் அந்தச் சின்ன உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றிப் பின் சீட்டில் இடது ஓரத்தில் கிடத்தி, ஏழுமலை பக்கத்தில் உட்கார, நானே குப்பம் வரைக்கும் ஓட்டிப் போனேன். அவன் வழியெல்லாம் ஒரு கையை அந்தத் துணி மேலேயே வைத்துக்கொண்டு வந்தான். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை வள்ளி தானாகவே சீக்கிரம் வந்து என்னிடம் காட்டினாள். வலி வரவே விடக்கூடாது, முன்னாலேயே செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானமாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மாமியார் கன்னியம்மா மட்டும், "உங்க காரு வேணாம் டாக்டரம்மா. அது ராசியில்லாத வண்டி. ரெண்டு உசுரு பூடுச்சி அதுல" என்றாள்.

"சரி, டாக்சி பேசிக்கொள்ளலாம்" என்றேன். எனக்கு அது சௌகரியம்தான்.

வள்ளி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்த வண்டின்னா வரேன். இல்லன்னா நான் எங்கியும் வர்ல."

"ஏண்டி, அதில் என்ன இருக்கிறது?"

"தெரிஞ்ச வண்டி" என்றாள். கெஞ்சினேன், அதட்டினேன், வேறு ஒரு வார்த்தை வரவில்லை. பிடிவாதத்தில் எனக்கு மேல் ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாள் நெருங்குகிறது, அவளுக்குக் கால் வேறு வீங்க ஆரம்பித்திருந்தது. பிள்ளையும் தாயும் பிழைக்க வேண்டுமென்றால் கார் சரியாக வேண்டும், வேறு வழி இல்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் பட்டறை தேடுகிற படலம். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவன் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என்னோடு பேசக்கூட மாட்டேன் என்கிறான், "உங்க வூட்டுல ஆம்பளைங்க யாருனா இருந்தா இட்டுனு வாங்க" என்றான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே சொல்ல முடியாது. மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியில் தகடு கப்பலில் வர வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மரியாதையாகக் கைவிரித்தார். மதுராந்தகத்தில் ஒருவன் மட்டும் உற்சாகமாக இருந்தான். "கீழ ஒரு பலகைய வச்சி, மேல தார் பூசிட்டா ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரியாமல் இருக்கத் தார் பூசுவாய். விழாமல் இருக்க என்னப்பா பூசுவாய்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப நீங்க அச்சரப்பாக்கம் தாமுகிட்டதான் போவணும். உங்களுக்கு ஏத்த ஆளு அவன்தான், அவனும் இப்பிடித்தான் பேசுவான்."

தாமுவின் பட்டறை டிரங்க் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. லாரிக்குக் கூடு கட்டுகிறவன், கேஸ் வைத்து ஒட்டுப்போடத் தெரிந்தவன். நாற்பது வயதுக்குள் இருக்கும், வாய் நிறைய வெற்றிலை. காரை ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னாம்மா, காரு எடுத்தாந்தீங்களா, கருவாட்டுக் கூடை எடுத்தாந்தீங்களா?"

"கூடை என்றால் முடைகிறவனிடம் போயிருப்பேன். உனக்கு முடியுமா, முடியாதா?"

அவனுக்கு அது பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தான். துரு வெளியே தெரிகிறது கொஞ்சம்தானாம், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தட்டித்தான் பார்க்க வேண்டுமாம். நல்ல இரும்பு 'டங்' என்றது, செத்த இரும்பு 'பொத்' என்றது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தான். எனக்கு அது புரிகிற வேலைதான், நானும் நெஞ்சிலே விரல் வைத்துத் தட்டித்தான் உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் இவன் ஒவ்வொரு இடத்திலும் மூன்று மூன்று தட்டாகத் தட்டினான்.

"ஒரு தட்டுப் போதாதா? பொழுது போய்விடும்போல் இருக்கிறதே."

"எனக்கு மாமியா வூடு முட்டுக்காடும்மா. கட்ன நாளா அது பழக்கமாப் பூடுச்சி. கடலோரத்துல யாரு கூப்டாலும் ரெண்டு தபா வரைக்கும் பதில் குடுக்க மாட்டாங்க. காத்து கருப்புங்களுக்கு ரெண்டு தபாதான் கூப்ட வரும். மூணாவது தபா கூப்டா மனுசன். ரெண்டு தட்டோட நான் நிறுத்தினா, நான் தட்னனா அது தட்டுச்சான்னு எனக்கே சந்தேகம் வந்துடும்ல?"

இந்தக் கூத்து எனக்கு நன்றாகத் தெரியும். குப்பத்தில் அவசரமாகப் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே மூச்சுக்கூட விட மாட்டார்கள், மூன்றாவது தட்டுக்குத்தான் தாழ்ப்பாள் நகரும். அதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

தாமு வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தான். நல்ல வெயில், ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இடது பின்கதவில் மூன்று தட்டினான். பொத், பொத், பொத். சாக்பீஸை எடுக்கக் குனிந்தான்.

கதவுக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

நம்பினால் நம்புங்கள், நான் அந்தக் கதவுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். மெதுவாகத்தான் கேட்டது, ஆனால் சந்தேகமில்லாமல் கேட்டது. தாமு என்னைப் பார்த்தான். மறுபடியும் மூன்று தட்டினான். மறுபடியும் உள்ளே இரண்டு.

"துருப்பா. நீ தட்டுகிற அதிர்வில் உள்ளே செதில் செதிலாகக் கொட்டுகிறது" என்றேன்.

அவன் கைப்பிடியைக் கழற்றி உள்தகட்டைப் பிரித்தான். அடியில் ஒரு பிடி துருத்தூள். வேறு ஒன்றும் இல்லை, பூச்சி புழுகூட இல்லை.

"பார்த்தாயா? நான்தான் சொன்னேனே."

"துருன்னா ஒண்ணு கொட்டும், பத்து கொட்டும். ரெண்டு ரெண்டா எண்ணிக் கொட்டுமா டாக்டரம்மா?"

முறைத்தேன். முறைத்தால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். தாமுவும் அடங்கினான், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டான். மற்ற எல்லா இடத்தையும் அவன் பாட்டுக்குச் செய்வானாம், அந்தக் கதவை மட்டும் நான் வந்து பக்கத்தில் நின்றால்தான் தொடுவானாம். நோயாளிகளை விட்டுவிட்டு அதற்காக ஒருநாள் பஸ் பிடித்துப் போய் நின்றேன், வேறு என்ன செய்ய? செத்த இரும்பையெல்லாம் அறுத்து எறிந்து, புதுத் தகடு வைத்துக் கேஸில் ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்தபோது என் அப்பாவின் கார் எனக்குத் திரும்பக் கிடைத்தது. பின்பக்கத் தரையில் ஏறி நின்று குதித்தே காட்டினான். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பெட்ரோல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து சொன்னான்: "வழியில ரெண்டு தட்டு கேட்டா காதுல வாங்காதீங்க. மூணாவது கேட்டுச்சின்னா வண்டிய நிறுத்திட்டு, யாருன்னு கேளுங்க. அது மனுசன்."

"முதலில் நீ வெற்றிலையை நிறுத்து, பல் மிஞ்சும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வள்ளியை அழைத்துப் போனது ஒருநாள் மத்தியானம். ஏழுமலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு, ஏனென்றால் வள்ளி பின் சீட்டில் படுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. கால் நன்றாக வீங்கியிருந்தது, தலைவலி என்றாள், எனக்கு உள்ளுக்குள் பயம்தான். தலை என் பின்னால், கால் இடது கதவுப் பக்கம். காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்ததும் தூங்கிவிட்டாள். கன்னியம்மா முன்னால் என் பக்கத்தில், மடியில் துணி மூட்டையோடு, ராசியில்லாத வண்டி என்று முனகிக்கொண்டே வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியது. ரோடு காலியாக இருந்தது. வண்டி எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது, தாமுவை மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

டொக். டொக்.

பின்னாலிருந்து, இடது பக்கத்திலிருந்து. பாவி, ஒட்டு விட்டுவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னியம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பட்டறைக் கதையெல்லாம் நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"கேக்காத மாரி ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினேன். பிடரி சிலிர்த்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் இன்னொரு தட்டு. இது வேறு மாதிரி, கனமாக, கதவே அதிர்கிற மாதிரி ஒரே ஒரு தட்டு.

என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. "யாரு?" என்று வாய்விட்டுக் கத்தினேன். நான், டாக்டர், பட்டப்பகலில், நடுரோட்டில்!

திரும்பிப் பார்த்தால் வள்ளி வலிப்பில் துடிக்கிறாள். கண் செருகிவிட்டது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது, வாயில் நுரையும் ரத்தமும். சத்தமே இல்லை. என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் செங்கல்பட்டில் இரண்டு பிணத்தைத்தான் இறக்கியிருப்பேன். கதவைத் திறந்து அவளை ஒருக்களித்துப் புரட்டி, வாயைத் துடைத்து, துணி சுற்றிய ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் கொடுத்து, ஊசி போட்டு, மூச்சு சீராகும் வரை அந்த ரோட்டிலேயே மண்டி போட்டிருந்தேன். கன்னியம்மா பின்னால் ஏறி மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நான் ஓட்டிய வேகத்தை அந்தக் காரைச் செய்தவன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை, அழுகை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் ஏழுமலையும் வெட்கமில்லாமல் அழுதோம்.

வார்டில் வள்ளிக்கு நினைவு வந்த பிறகு அவள் உடம்பைச் சோதித்தேன். வலது குதிகாலில் தோல் உரிந்து கன்றியிருந்தது. ஆக, மூன்றாவது தட்டு யாருடையது என்று தெரிந்துவிட்டது. வலிப்பின் முதல் உதறலில் கால் நீண்டு கதவில் மோதியிருக்கிறது. தாமு சொன்னபடி அது மனுசத் தட்டுத்தான். ஒற்றைத் தட்டாக அது மட்டும் கேட்டிருந்தால் ரோட்டுக் கல் என்று நான் போய்க்கொண்டே இருந்திருப்பேன். முன்னால் அந்த இரண்டு தட்டும் விழுந்ததால்தான் அது மூன்றாவது ஆயிற்று, மூன்றாவது என்பதால்தான் நிறுத்தினேன். இது வரைக்கும் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. அந்த முதல் இரண்டுதான் புரியவில்லை.

விடுவேனா? அச்சரப்பாக்கத்துக்கு ஓட்டிப் போய்க் கதவை மறுபடி பிரிக்கச் சொன்னேன். ஒட்டு மலை மாதிரி நின்றது, உள்ளே சுத்தம், ஒரு திருகாணிகூட ஆடவில்லை. தாமு தட்டிப் பார்த்தான், மூன்று தட்டு. ஒன்றும் பதில் இல்லை. "நல்ல இரும்பு டாக்டரம்மா, பேசாது" என்று மட்டும் சொன்னான். வள்ளியிடம் இதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கன்னியம்மாவையும் சொல்லக்கூடாது என்று அதட்டி வைத்தேன். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் என்னவென்று சொல்வது?

குழந்தைக்குத் திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையை நினைத்து வேதா என்று பேர் வைத்தார்கள். ஊசி போட்டது நான், பேர் மலைக்கு! அதற்கு மூன்று நான்கு வயது இருக்கும்போது காதுவலி என்று தூக்கி வந்தார்கள். மருந்து விட்டுவிட்டு, நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன், ஏறுங்கள் என்றேன். வள்ளி வலது கதவு வழியாக ஏறி உட்கார்ந்தாள். வேதா ஏறி, அம்மாவை இடித்துக்கொண்டு, சீட்டின் நடுவில்கூட வராமல் அவள் முழங்காலோடு ஒட்டி நின்றது.

"நகர்ந்து உட்கார்டி கண்ணு, அவ்வளவு இடம் கிடக்கிறதே" என்றேன்.

குழந்தை அந்த இடது பக்கத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "எடம் இல்ல" என்றது. சாதாரணமாக, பஸ்ஸில் சொல்கிற மாதிரி.

நான் திரும்பிப் பார்த்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது. யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது, கேட்கவில்லை. வள்ளி ஆச்சரியப்படவில்லை. முந்தானையால் அந்த இடது ஓரத்தை மெதுவாக ஒரு துடை துடைத்தாள். பிறகு வேதாவைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போலாம் டாக்டரம்மா" என்றாள்.

போனேன். அந்தக் காரும் போய் வெகுகாலம் ஆயிற்று. இன்றைக்கும் யார் காரில் ஏறினாலும் சரி, பின் சீட்டில் இடது ஓரத்தில் நான் பையை வைப்பதில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். வைப்பதில்லை, அவ்வளவுதான்.